ஊரில் மலசலகூடம் கட்டிக் கொடுக்க நினைப்பவர்களுக்கு: கொழும்பிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கொழும்பில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் வேறோர் ஊரைத் தன் ஊர் என்று சொல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. வெள்ளவத்தையில் அடுக்குமாடியில் இருப்பவருக்குத் தீவகத்தில் ஒரு வளவு இருக்கும். கொட்டாஞ்சேனையில் கடையில் நிற்கும் இளைஞனின் தாய் தகப்பன் அட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில் இருப்பார்கள். மட்டக்குளியில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்தின் பெரியம்மா வன்னியில் தனியே இருப்பார். ஊர் ஒன்றியங்களின் ஆண்டுக் கூட்டத்தில் 'இம்முறை ஊருக்கு என்ன செய்வது' என்ற பேச்சு எழுந்தால், கோயில் திருப்பணிக்கும் பள்ளிக்கூட மதிலுக்கும் அடுத்ததாக மலசலகூடம் வந்துவிடும். எண்ணிக்கை சொல்லலாம், படம் எடுக்கலாம், கதவில் பெயரும் பொறிக்கலாம் என்பதால் அது எல்லோருக்கும் பிடித்த திட்டமாகவே இருக்கிறது.

எங்கள் சிறிய வட்டமும் அப்படித்தான் தொடங்கியது. வன்னியில் ஒரு கிராமத்தில் பதினொரு மலசலகூடங்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு, மறு ஆண்டு பார்க்கப் போனோம். நான்கில் மழைக்கு நனையாமல் விறகு அடுக்கியிருந்தார்கள். ஒன்றில் குட்டி போட்ட ஆடு நின்றது. இன்னொன்று பூட்டிக் கிடந்தது. அந்த வீட்டம்மா சேலைத் தலைப்பில் முடிந்திருந்த திறப்பை எடுத்துக்கொண்டே, "கொழும்பிலிருந்து ஆக்கள் வந்தால் பாவிக்கட்டும் என்று கழுவிப் பூட்டி வைத்திருக்கிறேன்" என்றார். பிழை அவருடையதல்ல, எங்களுடையது என்று விளங்க எங்களுக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. அதன்பின் நாங்கள் மாற்றிக்கொண்ட வேலை முறையையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கட்டடத்தைப் பற்றிய பேச்சு நான்காவது படியில்தான் வரும். அதற்கு முன்னுள்ள மூன்று படிகளைத் தாண்டிச் செல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது படி: பஸ் ஏறுவதற்கு முன் கொழும்பைப் பாருங்கள்

ஊருக்குச் சுத்தம் சொல்லிக் கொடுக்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு புறக்கோட்டையில் பஸ் ஏறுபவர், அதற்கு முன் ஒருமுறை கொழும்பில் 'தோட்டம்' என்று சொல்லப்படும் நெருக்கமான ஏழைக் குடியிருப்பு ஒன்றினுள் நடந்து பார்ப்பது நல்லது. நகரத்தின் வடக்குப் பகுதியில் பொது மலசலகூடத்துக்குக் காலையில் வாளியோடு வரிசையில் நிற்கும் குடும்பங்களைக் காணலாம். அடுக்குமாடிகளில் இருப்பவர்களும் தங்கள் கழிவு எங்கே போகிறது என்று கேட்டதில்லை. பிரித்தானியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த கழிவுநீர்க் குழாய்த் தொகுதிதான் இன்றும் மாநகரத்தின் பெரும் பகுதிக்கு அடிப்படை. முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் நீளும் குழாய்கள் வழியே மாநகரத்தின் கழிவு பல தசாப்தங்களாகக் கடலில் விடப்பட்டது. நாம் சங்கிலியை இழுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஊரில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய கழிவு அவருடைய வளவுக்குள்ளேயே, அவர் குடிக்கும் கிணற்றுக்கு எத்தனையோ அடி தள்ளி இருக்கும், அது அங்கே இருப்பது அவருக்கும் தெரியும். ஆகவே அவர் தயங்குவதை அறியாமை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பேசும் சொற்களையும் முன்கூட்டியே சீர்தூக்கிப் பாருங்கள். 'கக்கூஸ்' என்ற சொல் ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்தது. 1656 முதல் 1796 வரை கொழும்பை ஆண்டவர்கள் விட்டுச்சென்ற சொற்களில் நாம் நாளாந்தம் பாவிப்பது அதுவாகத்தான் இருக்கும். ஆனால் ஊரில் ஒரு மூதாட்டியிடம் அந்தச் சொல்லைப் போட்டுக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். 'வெளிக்குப் போவது', 'கொல்லைக்குப் போவது', 'ஒதுங்குவது', 'கால் கழுவுவது' என்று ஊருக்கு ஊர் மறைபொருளாகச் சொல்லும் முறை உண்டு. முதல் நாள் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்து, அவர்கள் எந்தச் சொல்லைச் சொல்கிறார்களோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படி: கேளுங்கள், ஆனால் கூட்டம் கூட்டிக் கேட்காதீர்கள்

கிராம உத்தியோகத்தர் முன்னிலையில் பொதுமண்டபத்தில் கூட்டம் வைத்து, 'மலசலகூடம் வேண்டுமா' என்று கேட்டால் எல்லோரும் கை உயர்த்துவார்கள். இலவசமாக வருவதை வேண்டாம் என்று சபையில் சொல்பவர் யார்? அந்தக் கைகளை நம்பித்தான் நாங்கள் ஏமாந்தோம். வீடு வீடாகப் போங்கள். ஆண்களோடு ஆண்களும் பெண்களோடு பெண்களும் பேசுங்கள். முடிந்தால் அந்தப் பகுதியின் குடும்பநல உத்தியோகத்தரை முதல் நாள் கூட அழைத்துச் செல்லுங்கள். பிள்ளை பெற்ற வீடுகளின் பின்வளவு வரை போய்வந்தவர் அவர்.

'பாவிக்கிறீர்களா, இல்லையா' என்ற வகைக் கேள்வி பயன் தராது. "இரவில் பிள்ளைக்கு வயிறு கலக்கினால் என்ன செய்வீர்கள்?" "மாரி மழையில் எந்தப் பக்கம் போவீர்கள்?" "வீட்டில் விருந்தினர் நின்றால் அவர்களுக்கு எந்த இடத்தைக் காட்டுவீர்கள்?" என்று நடந்ததைக் கேளுங்கள். ஒருவர் நேற்று என்ன செய்தார் என்பதில் பொய்க்கு இடம் குறைவு.

இப்படிக் கேட்டபோது எங்களுக்குக் கிடைத்த விடைகளில் வறுமை ஒரு காரணமாக வந்தது. ஆனால் முதற்காரணமாக வரவில்லை. பனங்கூடலில் காற்றாட இருந்துவிட்டு வருவது உடம்புக்கு நல்லது, நான்கு சுவருக்குள் இருந்தால் நாற்றமே மூச்சில் ஏறும் என்று வயதான ஆண்கள் சொன்னார்கள். இளம் பெண்கள் வேறு விதமாகச் சொன்னார்கள்: பொழுதுபட்ட பின் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போகும் அந்த அரைமணி நேரந்தான் மாமிமாருக்குக் கேட்காமல் ஆறுதலாகப் பேசக் கிடைக்கும் நேரம். அதே பெண்கள்தான் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருப்பதையும், பாம்புக்கும் குடிகாரருக்கும் பயந்து நடப்பதையும், எல்லைக் கிராமங்களில் யானைக்குப் பயப்படுவதையும் சொன்னார்கள். இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் திட்டம் பிழைத்துப்போகும்.

நான் மறக்காத விடை ஒரு கிழவியுடையது. திண்ணையில் இருந்து பாக்கு வெட்டிக்கொண்டே அவர் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, குழி நிரம்பினால் ஆர் அள்ளுறது?" எங்களில் ஒருவரிடமும் விடை இருக்கவில்லை. அவருடைய வீட்டில் மலசலகூடம் இருந்தது. மகனும் மருமகளும் பாவித்தார்கள். குழி விரைவில் நிரம்பிவிடக் கூடாதென்று அவர் மட்டும் வேலியோரம் போய்வந்தார். இதே கணக்கு நம்முடைய ஊர்களில் மட்டும் போடப்படுவதன்று. 2014 இல் வட இந்தியாவின் ஐந்து மாநிலங்களில் நடத்தப்பட்ட பெரிய ஆய்வொன்று, பாவனைக்கேற்ற மலசலகூடம் உள்ள வீடுகளிலும் 40 வீதத்துக்கும் மேலானவற்றில் குறைந்தது ஒருவரேனும் வெளியிலேயே போவதைக் கண்டது. சிறிய குழி சீக்கிரம் நிரம்பும் என்ற அச்சமும், நிரம்பினால் அதை அள்ளுவது 'நம்முடைய வேலை அல்ல' என்ற சாதி எண்ணமும் அங்கே பெருங் காரணங்களாக வெளிப்பட்டன. இதை ஏழாவது படியில் மீண்டும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1999-2000 காலத்தில் வங்காளதேசத்தின் ராஜஷாஹிப் பகுதியில் இந்தியரான கமல் கார் தொடங்கிய, வெளியில் போகும் பழக்கத்தை ஊரவரே கைவிடச் செய்யும் சமூகம் சார்ந்த முறை உலகின் பல நாடுகளுக்குப் பரவியது. ஊர் மக்களையே ஊரைச் சுற்றி நடத்திச் சென்று, மலத்தைத் தொட்ட ஒரு மயிரைத் தண்ணீர்க் குவளையில் தோய்த்து 'இதைக் குடிப்பீர்களா' என்று கேட்டு, ஈயின் ஆறு கால்கள் எவ்வளவு கொண்டுவரும் என்று எண்ண வைப்பது அதன் ஓர் அங்கம். அருவருப்பைக் கிளறிப் பழக்கத்தை மாற்றுவதில் அதற்கு வலிமை உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அது கைமாறிப் போகும்போது, விசில் ஊதித் துரத்துவது, பெயர் எழுதி ஒட்டுவது என்று ஏழைகளை அவமானப்படுத்துவதாக முடிந்த இடங்களும் உண்டு. கொழும்பிலிருந்து போகும் நாம் அந்த வழியைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. ஊரவர் தமக்குள் வெட்கப்பட்டுத் திருந்துவது ஒரு விதம். பிறத்தியார் வந்து வெட்கப்படுத்துவது வேறு விதம்.

மூன்றாவது படி: வளவைச் சுற்றி நடவுங்கள்

அளவுநாடா ஒன்றும் கயிறொன்றும் எடுத்துக்கொண்டு, மேசன் வருவதற்கு முன்பே வளவை முழுதும் நடந்து பாருங்கள். மாரியில் கிணற்று நீர் எந்தப் படி வரை ஏறும் என்று வீட்டாரிடம் கேட்டு அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் வைகாசியில் பார்க்கும் நீர்மட்டத்தை வைத்துக் குழி வெட்டினால், மார்கழியில் அந்தக் குழி நிலத்தடி நீருக்குள் நின்றுகொண்டிருக்கும். இடர்கால நிவாரணப் பணிகளில் உலகெங்கும் பின்பற்றப்படும் 'ஸ்பியர்' நியமத்தின்படி குழிக்கும் நீர்நிலைக்கும் இடையே குறைந்தது 30 மீற்றர் இருக்க வேண்டும். குழியின் அடித்தளம் மிக உயர்ந்த நீர்மட்டத்துக்குக் குறைந்தது 1.5 மீற்றர் மேலே இருக்க வேண்டும். நம் ஊர்களில் ஐம்பது அடி போதும் என்று சொல்லிவிடுவார்கள். அது 15 மீற்றர், பாதி மட்டுந்தான்.

யாழ்ப்பாணத்தில் இந்த 30 மீற்றர் எவ்வளவு கடினம் என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம். இரண்டு பரப்புக் காணி என்பது 20 பேர்ச். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 22 மீற்றர். ஒரு மூலையில் கிணறும் எதிர் மூலையில் குழியும் வைத்தால்தான் 30 மீற்றர் எட்டும். வீட்டுக்குப் பக்கத்தில் மலசலகூடம் இருக்கக் கூடாது, சாமியறைக்கும் சமையலறைக்கும் தூரமாகக் கோடிப்புறத்து வேலியோரம் இருக்க வேண்டும் என்ற பழைய எண்ணத்தின்படி அதை எல்லையில் கொண்டுபோய் வைக்கிறோம். வேலிக்கு அந்தப் பக்கம் பத்தடியில் அயலவரின் கிணறு இருக்கும். நான் பார்த்த ஒரு வளவில் இரு வீட்டாரும் இப்படியே செய்திருந்தார்கள்: இவர்களின் குழி அவர்களின் கிணற்றடியில், அவர்களின் குழி இவர்களின் கிணற்றடியில். தங்கள் தங்கள் கிணற்றுக்குத் தூரமாக வைத்தோம் என்ற திருப்தி இருவருக்கும் இருந்தது.

குடாநாட்டின் அடியிலுள்ள சுண்ணாம்புக்கல் வெடிப்புகளும் பொந்துகளும் நிறைந்தது. அங்கே மண்ணில் ஊறி வடிவதற்கு நேரமில்லாமல் கழிவுநீர் விரைவாகக் கீழே இறங்கிவிடும். கிருமிகளோடு நைத்திரேற்றும் சேரும். உரமிட்ட தோட்டங்களிலிருந்து வருவதும் அதனோடு கலக்கும். குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீடுகளில் இதை அழுத்திச் சொல்லுங்கள், ஏனென்றால் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவும் செய்யும்.

மலையகத்தில் பிரச்சினை மேல்கீழாக இருக்கிறது. மேல் லயத்தின் குழியிலிருந்து கசிவது கீழ் லயத்தின் பீலியில் வந்து விழும். அங்கே தூரத்தை அளப்பதை விடச் சரிவைப் பார்ப்பது முக்கியம்: பீலிக்கு நீர் வரும் ஊற்று எது, அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று ஏறிப் பார்த்துவிட்டுத்தான் இடத்தைக் குறிக்க வேண்டும். காணி தொழிலாளருடையதல்ல என்பதால் தோட்ட நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒரு கல்லும் வைக்க வேண்டாம். மலசலகூடமும் தோட்டத் தொழிலாளரின் உடல்நலமும் இந்த நாட்டில் நூறாண்டுக்கும் மேலான கதை: முதலாம் உலகப் போர்க் காலத்தில் றொக்கெஃபெல்லர் மன்றத்தின் ஆதரவோடு கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியதே தோட்டங்களில்தான். மலம் விழுந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உட்புகும் அந்தப் புழு குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சும். கொழுந்து பறிப்பவர் சோகை பிடித்துக் களைத்து விழுவார். அந்த வேலையின் தொடர்ச்சியாகவே 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. இன்று ஒவ்வொரு பகுதியிலும் நாம் காணும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் மூலம் அதுதான்.

நான்காவது படி: குழியா, இரட்டைக் குழியா, தாங்கியா

இப்போது கட்டடம். தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கமுள்ள நமக்குத் தண்ணீர் அடைப்புள்ள பீங்கான் கட்டாயம். வளைகுழாயில் தேங்கி நிற்கும் அந்தச் சிறிதளவு நீர்தான் நாற்றத்தையும் ஈயையும் தடுக்கிறது. சரிவு கூடிய, குந்தியிருக்கும் பீங்கானுக்கு 2 முதல் 3 லீற்றர் தண்ணீர் போதும். கொழும்பில் நாம் பழகிய பழைய தாங்கிகள் ஒரு தடவைக்கு 9 லீற்றருக்கும் மேல் இழுத்துவிடும். கிணற்றிலிருந்து அள்ளித் தலையில் சுமந்து வரும் வீட்டில் அதைப் பொருத்துவது பெண்களுக்கு வேலை கூட்டிக் கொடுப்பதாகும். 'கொமட்' வைத்தால்தான் மதிப்பு என்று பணம் கொடுப்பவர்கள் அடம்பிடிப்பார்கள். முழங்கால் வலியுள்ள முதியவர் இருக்கும் வீட்டுக்கு அதுவே சரி. மற்ற வீடுகளில் அவர்களிடமே கேளுங்கள்.

நீர்மட்டம் ஆழமாகவும் மண் ஊறக்கூடியதாகவும் உள்ள இடத்தில் எனக்குப் பிடித்தது இரட்டைக் குழி. இந்தியாவில் 1970 இல் சுலப் இயக்கத்தைத் தொடங்கிய பிந்தேஷ்வர் பாடக் இதைப் பரவலாக்கினார். மனிதர் மலம் சுமக்கும் தொழிலை ஒழிப்பதே அவருடைய நோக்கமாக இருந்தது. ஒரு குழி நிரம்பியதும் அடுத்த குழிக்குத் திருப்பிவிட்டு, முதற்குழியை மண்மூடி இரண்டு ஆண்டுகள் விட்டுவிட வேண்டும். பின்பு திறந்தால் உள்ளே இருப்பது நாற்றமற்ற, கருமண் போன்ற எரு. நாட்களைக் குறைக்கக் கூடாது. வட்டப்புழுவின் முட்டைகள் மண்ணில் நீண்ட காலம் உயிரோடு கிடக்கும்.

கிழவியின் அச்சத்துக்கு விடை சொல்ல இந்த இடத்தில் ஒரு கணக்கைக் கையில் வைத்திருங்கள். தண்ணீர் ஊற்றும் குழியில் ஒருவரால் ஆண்டொன்றுக்குச் சேரும் கசடு ஏறத்தாழ 40 லீற்றர். மீதி நீராகி மண்ணில் ஊறிவிடும். ஐந்து பேர் உள்ள வீட்டில் அது 200 லீற்றர். ஒரு மீற்றர் விட்டமும் 1.2 மீற்றர் ஆழமும் உள்ள குழி 900 லீற்றருக்கு மேல் கொள்ளும். நான்கு ஆண்டுகளுக்கு மேல் தாங்கும். நாங்கள் இதை வாயால் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. ஒரு வீட்டின் பழைய குழியைத் திறந்து மூங்கிலை விட்டு அளந்து, எத்தனை ஆண்டில் எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று காட்டிய அன்றுதான் நம்பினார்கள்.

நீர்மட்டம் உயர்ந்த இடங்களிலும் சுண்ணாம்புக்கல் நிலத்திலும் குழி சரிவராது. அங்கே அடியும் சுவரும் கசியாதபடி பூசிய இரண்டறைத் தாங்கி வேண்டும். முதலறை இரண்டாமறையைப் போல் இரு மடங்காக இருக்கட்டும். அதிலிருந்து வெளியேறும் நீரையும் நேரே பாறைக்குள் விடாமல், மேடாக நிரப்பிய மணற்படுகையில் ஊற விடுவது பாதுகாப்பு. செலவு கூடும்; அப்படியானால் பதினொன்றுக்குப் பதிலாக ஆறு கட்டுங்கள்.

ஐந்தாவது படி: நான்கு சுவரும் ஒரு கதவும்

இதைச் சிறிய விடயம் என்று மேசனிடம் விட்டுவிடாதீர்கள். கதவின் உட்பக்கத் தாழ்ப்பாள் இல்லாத மலசலகூடத்துக்கு வளர்ந்த பெண்பிள்ளை போகமாட்டாள். கதவு தெருவையோ முற்றத்தையோ பார்த்துத் திறக்கக் கூடாது. மின்குமிழ் ஒன்று வேண்டும். அதன் ஆளி உள்ளே நுழையுமுன் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். உடுப்பு மாட்ட ஓர் ஆணி, நாப்கின் போட மூடியுள்ள ஒரு வாளி, வயதானவர் பிடித்து எழும்ப ஒரு கம்பி, மேலே காற்று வர ஓட்டைக்கல் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு முழுச் செலவில் மிகச் சொற்பம். உள்ளே தண்ணீர்த்தொட்டி கட்டி, அதை வெளியிலிருந்தே நிரப்பும்படி சுவரில் ஒரு வாய் வைத்தால், யார் எப்போது போகிறார் என்று ஊருக்குக் காட்டியபடி வாளியோடு நடக்க வேண்டியதில்லை. இந்த யோசனையைச் சொன்னது பதினான்கு வயதுப் பிள்ளை ஒருத்தி. நாங்கள் கட்டியவற்றில் ஆட்கள் மிகவும் மெச்சியது அந்த வாயைத்தான்.

ஆறாவது படி: அனுமதியும் பணமும்

பிரதேச சபைக்கு விண்ணப்பம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வை ஆகிய இரண்டையும் முடித்த பின்பே அத்திவாரம் வெட்டுங்கள். பரிசோதகரைச் சடங்குக்கு அழைக்காமல் மூன்றாவது படியிலேயே கூட்டிப் போனால், எந்தக் கிணற்றில் என்ன குறை என்று அவரே சொல்லிவிடுவார்.

பணத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். முழுவதையும் நீங்களே கொடுக்காதீர்கள். குழி வெட்டுவது, கல் இறக்குவது, மேசனுக்குச் சோறு போடுவது என்று ஏதாவதொரு பங்கு வீட்டாருடையதாக இருக்கட்டும். ஆளில்லாத வீட்டுக்கு அயலார் சேர்ந்து செய்யட்டும். கதவில் கொடையாளியின் பெயரை எழுத வேண்டாம். எழுதினால் அது அவருடைய மலசலகூடமாகிவிடும். பழுதானால் திருத்தவும் அவரையே தேடுவார்கள்.

ஏழாவது படி: நிரம்பினால் யார் அள்ளுவது

கிழவியின் கேள்விக்கு முழு விடை சொல்லாமல் திறப்பைக் கையில் கொடுக்காதீர்கள். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வாளிக் கக்கூஸ் இருந்த காலத்தை நினைவு வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விடியுமுன் பின்பக்கக் கதவைத் திறந்து வாளியை எடுத்துச் சென்றவர்களை நகரசபைகள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தின. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே குடியிருப்புகளில், அதே வேலையில் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காத வீடுகள்தான் தங்களைச் சுத்தமான வீடுகள் என்று எண்ணிக்கொண்டன. 'குழியை அள்ளுவது நமக்கான வேலையல்ல' என்று இன்று ஊரில் யாராவது சொன்னால், அதன் பின்னால் இந்த வரலாறு நிற்கிறது. அதைப் பேசாமல் மூடி மறைத்தால் குழி நிரம்பும் நாளில் எங்கிருந்தாவது ஓர் ஏழையைக் கூப்பிட்டு, சாராயத்துக்குக் காசு கொடுத்து உள்ளே இறக்குவார்கள்.

உள்ளே யாரும் இறங்கக் கூடாது. மூடிய குழியில் சேரும் ஐதரசன் சல்பைட்டு தொடக்கத்தில் கூழ்முட்டை போல் மணக்கும். செறிவு கூடியதும் மூக்கு மரத்து மணமே தெரியாமல் போகும். இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். மூடியைத் திறந்து சில மணி நேரம் விட்டாலும் பாதுகாப்பு இல்லை. இதை வீட்டின் ஆண்பிள்ளைகளிடம் தனியே சொல்லுங்கள், ஏனென்றால் துணிச்சலில் இறங்குவது அவர்கள்தான்.

தாங்கி கட்டிய வீட்டுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கழிவை உறிஞ்சி எடுக்கும் பவுசர் வண்டி வர வேண்டும். அந்தப் பிரதேச சபையிடம் பவுசர் இருக்கிறதா, கட்டணம் எவ்வளவு, ஒழுங்கைக்குள் அது நுழையுமா, அதன் குழாய் தாங்கி வரை எட்டுமா என்று கட்டுமுன்பே விசாரியுங்கள். உறிஞ்சியதை எங்கே கொட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். வயலிலோ ஆற்றிலோ கொட்டினால் நாம் செய்த வேலைக்குப் பொருளில்லை. இரட்டைக் குழி உள்ள வீட்டில், குழாயைத் திருப்பும் விதத்தைக் குடும்பத்தில் இருவருக்காவது செய்து காட்டி, மூடிய நாளைச் சுவரில் தாரால் எழுதிவிடுங்கள்.

எட்டாவது படி: முதல் மூன்று மாதங்கள்

பழக்கம் மாறும் காலம் இதுதான். பெரும்பாலான ஒன்றியங்கள் திறப்பு விழாவோடு நின்றுவிடுவதும் இங்கேதான். ஊரில் ஒருவரை, பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரையோ மாதர் சங்கத்தில் உள்ள அக்கா ஒருவரையோ, வாரம் ஒருமுறை வீடுகளுக்குப் போய்வரக் கேளுங்கள். அவர் கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது, யார் கழுவுகிறார் என்பது. விட்டால் மருமகள் தலையில் விழும். அவள் வேலைக்குப் போகும் நாட்களில் அது கழுவப்படாமல் நாறும். நாறினால் முதலில் வெளியே போகத் தொடங்குபவர் மாமனார். பாவிக்கும் எல்லோரும் முறை வைத்துக் கழுவ வேண்டும் என்று அந்த அக்கா ஒருவரே உரிமையோடு சொல்ல முடியும். லயங்களில் பல குடும்பங்களுக்கு ஒரு மலசலகூடம் என்றிருந்தால் அதைக் கேட்பார் இருக்கமாட்டார்கள். குடும்பத்துக்கு ஒன்று முடியாதென்றால், இரண்டு குடும்பத்துக்கு ஒன்று என்று வைத்து இருவரிடமும் திறப்பைக் கொடுங்கள்.

சின்னப்பிள்ளையின் மலம் தீங்கற்றது என்று நம் தாய்மாரில் பலர் நினைக்கிறார்கள். முற்றத்து மூலையில் மண்போட்டு மூடுவார்கள், அல்லது கழுவிய நீரை வாழையடியில் ஊற்றுவார்கள். வயிற்றுப்போக்கு அதிகம் வருவது அந்தப் பிள்ளைகளுக்கே என்பதால் அதில் கிருமி குறைவாக இருக்க வழியில்லை. சட்டியில் எடுத்து மலசலகூடத்தில் ஊற்றப் பழக்க வேண்டும். தண்ணீரால் மட்டும் கை கழுவினால் போதாது, சவர்க்காரம் வேண்டும். சவர்க்காரத்தை வீட்டுக்குள் வைத்திருந்தால் ஒருவரும் போய் எடுக்கமாட்டார்கள். ஒரு துண்டைப் பழைய காலுறைக்குள் போட்டுத் தண்ணீர்த்தொட்டியருகே கட்டிவிடுங்கள், காகமும் தூக்காது.

அமிலக் கழுவிகளையும் வெளுப்புத்தூளையும் வாரி ஊற்ற வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். தாங்கிக்குள் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அதனால் செத்துப்போகும். தும்புத்தடியும் கொஞ்சம் சவர்க்காரத் தூளும் போதும்.

ஒன்பதாவது படி: ஓராண்டின் பின் போய்ப் பாருங்கள், கேட்காதீர்கள்

ஓராண்டு கழித்துப் போகும்போது முன்னறிவித்துவிட்டுப் போகாதீர்கள். அறிவித்தால் எல்லாம் கழுவிப் பூப்போட்டு வைத்திருப்பார்கள். பாவிக்கிறீர்களா என்று கேட்டால் ஆம் என்பார்கள். ஆகவே கண்ணால் பாருங்கள். வீட்டிலிருந்து மலசலகூடம் வரை புல் தேய்ந்து ஒற்றையடித் தடம் விழுந்திருக்கிறதா? கதவுக்கும் நிலைக்கும் இடையில் சிலந்தி வலை கட்டியிருக்கிறதா? தரை ஈரமாக இருக்கிறதா? வாசலில் எல்லோரும் மாறி மாறிப் போடும் ஒரு சோடிப் பழைய செருப்பு கிடக்கிறதா? தொட்டியில் இன்றைய தண்ணீர் இருக்கிறதா, அல்லது நுளம்புக் குடம்பி நெளியும் பழைய தண்ணீரா? பிறகு வேலியோரமும் போய்ப் பாருங்கள். அங்கே மாறாத தடம் இருந்தால் வீட்டில் இன்னும் ஒருவர் வெளியே போகிறார். அவர் யார் என்று கண்டுபிடித்து, அவரோடு மட்டும் இரண்டாவது படியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

பூட்டி வைத்திருந்த அந்த வீட்டுக்கு நாங்கள் மூன்றாவது முறை போனபோது கதவில் பூட்டு இருக்கவில்லை. வாசலில் செருப்புக் கிடந்தது, ஒரு பட்டி அறுந்து கம்பியால் கட்டியிருந்தது. வீட்டம்மா உள்ளே இருந்தபடி, "ஆள் இருக்கு, கொஞ்சம் பொறுங்கோ" என்று குரல் கொடுத்தார். நாங்கள் படலையடிக்குத் திரும்பிப் போய் நின்றோம்.